கேஸ் அலாரத்தை மேலே மாட்டுவதா, கீழேயா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்

சமையலறைக்கு ஒரு கேஸ் லீக் அலாரம் வாங்கினேன். கடைக்காரர் "மேலே, எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்துல மாட்டுங்க சார்" என்றார். பெட்டிக்குள் இருந்த தாளோ தரையை ஒட்டி மாட்டச் சொன்னது. சரி, வாயுவின் அடர்த்தியைக் கண்டுபிடித்தால் விடை தெரிந்துவிடுமே என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆனது, அதில் இருபது நிமிடம் ஒரே ஒரு தப்பைத் தேடியதில் போனது.

பிவி = என்ஆர்டி (அழுத்தம் × கன அளவு = மோல் எண்ணிக்கை × ஆர் என்ற மாறிலி × வெப்பநிலை) எல்லோரும் படித்ததுதான். மோல் எண்ணிக்கை இருக்கும் இடத்தில் 'நிறை ÷ மோலார் நிறை' என்று போட்டு மாற்றி எழுதினால்:

அடர்த்தி = (அழுத்தம் × மோலார் நிறை) ÷ (ஆர் × வெப்பநிலை)

படி 1: சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த கலவை. இப்போதைக்குப் பியூட்டேனை மட்டும் எடுத்துக்கொள்வோம். கார்பன் 4, ஹைட்ரஜன் 10, ஆக மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 48 + 10 = 58 கிராம்.

படி 2: 30 டிகிரி செல்சியஸ் என்றால் 303 கெல்வின். அப்படியே 30 என்று போட்டால் விடை பத்து மடங்கு எகிறும்.

படி 3: அழுத்தம் 101325 பாஸ்கல். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் இங்கே வேண்டாம், கசிந்து வெளியே வந்த வாயு அறையின் அழுத்தத்துக்கு வந்துவிடும். (உள்ளே பெரும்பகுதி திரவம், அதற்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது.)

படி 4: நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆர் = 8.314, மோலார் நிறை 58 என்று போட்டேன், வந்தது 2333. கன மீட்டருக்கு 2333 கிலோ என்றால் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், அப்படி ஒரு வாயு வீட்டில் கசிந்தால் அலாரம் எதற்கு! பாஸ்கலும் 8.314-உம் வந்தால் நிறை கிலோவில்தான் இருக்க வேண்டும், அதாவது 0.058. இப்போது விடை 2.33 கிலோ.

என்னைக் கேட்டால் 8.314 பக்கமே போகாதீர்கள். அழுத்தம் 1 அட்மாஸ்பியர், ஆர் (லிட்டர், அட்மாஸ்பியர் அலகில்) 0.0821, நிறை கிராமிலேயே 58. விடை லிட்டருக்கு 2.33 கிராம், கன மீட்டருக்கு 2.33 கிலோ என்பதும் அதேதான். இணையக் கால்குலேட்டர்களும் எனக்குப் பிடிக்காது, அலகில் தப்பு செய்தால் அது எங்கே என்று காட்டாது.

காற்றுக்கு 29 கிராம் போட்டால் 1.17. பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனம், புரோப்பேனின் அடர்த்தியும் 1.77. இரண்டுமே தரையோடு தரையாகத்தான் தங்கும். அலாரம் கீழே போனது. (உண்மையான பியூட்டேன் இந்தக் கணக்கைவிடச் சில சதவீதம் கூடவே கனம், நம் முடிவு அதனால் மாறாது.)

பின்சேர்க்கை: ஒருவர் தனக்கு 2 லட்சத்து 14 ஆயிரம் வருகிறது என்று எழுதியிருந்தார். 58 ÷ 0.0821 × 303 என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டியிருக்கிறார். கீழே இருப்பதை முதலில் பெருக்கிவிட்டு அப்புறம் வகுங்கள்.

இன்னொருவர் வீட்டில் குழாய் கேஸ். அது பெரும்பாலும் மீத்தேன், 16 கிராம், அடர்த்தி 0.64. காற்றைவிட லேசு, மேலே ஏறிவிடும். அவர் மட்டும் மேலே மாட்டிக்கொள்ளலாம், ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்தில் வேண்டாம்.