ஹார்ட் டிஸ்க், ரெய்டு படிக்கும் வேகம்: உபுண்டுவில் அளப்பது எப்படி?

பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து, எத்தனை நொடி ஆனது என்று பார்த்து வட்டின் வேகத்தைச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. முதல் தடவை அது ஓரளவு சரி. அதே கோப்பை மறுபடி படித்தால் லினக்ஸ் பெரும்பாலும் வட்டின் பக்கமே போகாது. ராமில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு நொடிக்கு 2 ஜி.பி. என்று எண் வந்தால் காரணம் இதுதான். உபுண்டுவில் இருக்கும் டிஸ்க்ஸ் செயலி ராமை ஒதுக்கிவிட்டு நேராக வட்டிலிருந்தே படிக்கும். அதையே பயன்படுத்துவோம்.

படி 1: டாரென்ட், பேக்கப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாக இணைத்த அணி) இருந்தால் ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பை (/proc/mdstat) திறந்து, ரீசிங்க், அதாவது வட்டுகளை ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் வேலை, ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முடியட்டும்.

படி 2: டிஸ்க்ஸைத் திறந்து இடப்பக்கம் வட்டைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள புள்ளி மெனுவில் பெஞ்ச்மார்க் டிஸ்க், அப்புறம் ஸ்டார்ட் பெஞ்ச்மார்க். எழுதும் வேகத்தையும் அளக்க ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டேட்டா உள்ள வட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

படி 3: சராசரி எண்ணை விடுங்கள், வரைபடத்தின் கோட்டைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, வலப்பக்கம் போகப்போக ஏறக்குறைய பாதிக்கு இறங்கும். பயப்பட வேண்டாம், அதுதான் இயல்பு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது. வட்டின் தொடக்கம் வெளி வட்டத்தில்தான். வெளி வட்டம் நீளமானது, ஒரு சுற்றில் அதிக செக்டார் (டேட்டா பதியும் சிறு துண்டு) படிக்கும் தலைக்கு அடியில் ஓடும். டெர்மினலில் எச்டிபார்ம் கட்டளையைச் சின்ன டி போட்டு (hdparm -t) ஓட்டினால் வட்டின் தொடக்கத்தை மட்டும் சில நொடி படிக்கும். அதனால் அது காட்டுவது பெரும்பாலும் வட்டின் சிறந்த முகம். பெரிய டி போட்டால் (-T) வருவது ராமின் வேகம், வட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அணுகல் நேரத்தையும், அதாவது வேண்டிய இடத்தை எட்ட வட்டு எடுக்கும் நேரத்தையும், பாருங்கள். 7200 ஆர்.பி.எம். வட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி நொடி எடுக்கும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, அதோடு தலை நகரும் நேரம். 10 முதல் 15 மில்லி நொடி வந்தால் சரி.

படி 4: இப்போது ரெய்டு. முதலில் உறுப்பு வட்டுகளைத் தனித்தனியே அளந்துவிட்டு, பிறகு மொத்த அணியை அளங்கள். நான்கு வட்டு ரெய்டு 0 (டேட்டாவை எல்லா வட்டிலும் பிரித்து வைப்பது) ஒற்றை வட்டைப்போல் நான்கு மடங்கை நெருங்க வேண்டும். ரெய்டு 5 (ஒரு வட்டின் அளவு இடம் மீட்புத் தகவலுக்குப் போய்விடும்) மூன்று மடங்கை ஒட்டி வரும். ரெய்டு 1 (இரண்டு வட்டிலும் ஒரே நகல்) இரட்டிக்கவில்லை என்று புலம்பாதீர்கள்: ஒரே வாசிப்பு வரிசையாக ஓடும்போது எம்டி (லினக்ஸின் ரெய்டு மென்பொருள்) பெரும்பாலும் ஒரே வட்டிலிருந்துதான் எடுக்கும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் படித்தால் பங்கு பிரியும்.

அணியின் கோடு இடப்பக்கம் சரியாமல் மேசைபோல் தட்டையாக நின்றால், தடை வட்டில் இல்லை, வழியில் இருக்கிறது. நொடிக்கு 200 எம்.பி. தரும் நான்கு வட்டுகளைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2.0 ஒற்றை லேன் (டேட்டா போகும் ஒரே பாதை) கார்டில் மாட்டினால், 800 எம்.பி. எதிர்பார்த்தாலும் லேனின் உச்சவரம்பே 500 தான். நடைமுறையில் அதற்கும் கீழே. புது வட்டு வாங்கிப் பயனில்லை, கார்டை மாற்றுங்கள்.

ஒரு உறுப்பு வட்டின் கோடு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் குழியாக விழுந்தால், அதே மெனுவில் ஸ்மார்ட் விவரத்தை (வட்டு தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் பதிவு) திறந்து, பழுதாகி மாற்றப்பட்ட செக்டார் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பேக்கப் முதலில், மீதி அளவெல்லாம் பிறகு.