தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்களுக்குத் துணை நிற்க ஆசையா? பயிற்சியை இப்படித் தொடங்குங்கள்

குழந்தை பிறந்த பத்தாம் நாள். நடுராத்திரி. மூன்றாவது தடவையாகப் பால் கொடுத்துவிட்டு, "எனக்குப் பால் பத்தலையோ?" என்று கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள் ஒரு அம்மா. அந்தக் கலக்கத்தைத் தாண்டி வந்த இன்னொருத்தி பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். அப்படித் துணை நிற்க விரும்பி, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் பொதுவாக 'தாய்ப்பால் ஆலோசகர்' என்றே சொல்லிவிடுகிறோம். உள்ளே மூன்று நிலைகள் உண்டு.

முதலாவது, சக தாயாகத் துணை நிற்பது. பெரும்பாலும் தன்னார்வப் பணி, பயிற்சியும் குறுகியது. 1956இல் அமெரிக்காவில் ஏழு அம்மாக்கள் சேர்ந்து தொடங்கிய லா லெச்சே லீக் இன்று பல நாடுகளில் இப்படித்தான் இயங்குகிறது. தானே பால் கொடுத்த அனுபவம் உள்ளவர்களைத்தான் அங்கே குழுத் தலைவியாகப் பயிற்றுவிக்கிறார்கள்.

இரண்டாவது, ஆலோசகர். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993இல் வெளியிட்ட 40 மணி நேரப் பாடத்திட்டம் இதற்கு ஒரு முக்கிய அடித்தளம். சுகாதாரப் பணியாளர்களை மனதில் வைத்து உருவாக்கியது அது.

மூன்றாவது, ஐபிசிஎல்சி (IBCLC) என்கிற, தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ். தாய்ப்பால் சார்ந்த படிப்பு மட்டும் 95 மணி நேரம். அதற்கு மேல், நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்து 300 முதல் 1000 மணி நேரம் வரை களப்பயிற்சி. பிறகு தேர்வு. 5 ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

முதல் நிலையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் யோசனை. அம்மாக்களோடு உட்கார்ந்து பழகிய பிறகு படிக்கும் பாடம் மனதில் நன்றாகப் பதிகிறது.

படி 2: உங்கள் கதையை எழுதி இறக்கி வையுங்கள்

நான் சேர்ந்த பயிற்சியில் முதல் வேலையே, சொந்தமாகப் பால் கொடுத்த அனுபவத்தை நான்கு பக்கம் எழுதுவதுதான். இரண்டாம் பக்கத்திலேயே அழுதுவிட்டேன். காம்பில் வெடிப்பு, கல்லாய்க் கட்டிக்கொண்ட மார்பு, "உனக்குப் பாலே இல்லை" என்ற பேச்சு எல்லாம் ஆறாமல் அப்படியே உள்ளே கிடந்திருக்கின்றன. ஆறாத காயத்தோடு போனால், எதிரில் இருக்கும் அம்மாவின் பிரச்சினையிலும் நம் பிரச்சினைதான் தெரியும். வகுப்பில் கேட்காவிட்டாலும் இதை எழுதிவிடுங்கள்.

படி 3: அடிப்படையை மனப்பாடமாக வையுங்கள்

மார்பிலிருந்து பால் எவ்வளவு வெளியேறுகிறதோ, அதற்கு ஏற்பத்தான் ஊறும். பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே விடை இருக்கிறது. முதல் நாட்களில் சீம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்; பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு ஒரு வேளைக்குச் சில மில்லி போதும். நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்பு. பிறந்த எடையில் கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

அடுத்து, குழந்தை மார்பைப் பிடிக்கும் விதம். நான்கு அடையாளங்களைப் பாருங்கள்: வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், தாடை மார்பைத் தொடும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் குழந்தையின் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் நசுங்கிச் சரிவாக இருந்தால், காம்பை மட்டும் கவ்விக் குடித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு பொம்மையை மடியில் வைத்துப் பழகுங்கள். அம்மாவின் மார்பைத் தொட்டுத் திருத்த வேண்டாம். பொம்மையை வைத்துக் காட்டினால் அவரே செய்துகொள்வார்.

படி 4: கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து நடிக்கச் சொன்னார்கள். நான் கேட்டேன்:

"பாப்பா நல்லா பால் குடிக்குதா?"

"ம், குடிக்குது."

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. பயிற்சியாளர் நிறுத்தி, வேறு மாதிரி கேட்கச் சொன்னார்.

"பால் குடுக்கிறதெல்லாம் எப்படிப் போகுது?"

"ராத்திரி பூரா மார்லயேதான் கிடக்குது. எனக்குப் பால் இல்லையோன்னு மாமியார் சொல்றாங்க."

"அதைக் கேட்டதும் கஷ்டமா இருந்துச்சா?"

அடுத்த ஐந்து நிமிடம் அவரே பேசினார். 'நல்லா', 'சரியா', 'போதுமா' என்று எடைபோடும் சொற்களைத் தவிர்ப்பது, சொன்னதையே திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, சரியாகச் செய்வதைத் தேடிப் பாராட்டுவது, கட்டளையாக இல்லாமல் ஒன்றிரண்டு யோசனை மட்டும் சொல்வது: எல்லாம் அந்த 40 மணி நேரப் பாடத்திலேயே இருக்கிற திறன்கள். படிக்கும்போது எளிது, வாய்க்கு வர மாதக்கணக்காகும். வீட்டில் யார் பேசினாலும் பழகிப் பாருங்கள்.

படி 5: எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாம் வைத்தியம் பார்ப்பவர்கள் இல்லை. எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தை, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குறையும் சிறுநீர், ஏறாத எடை, கூடிக்கொண்டே போகும் மஞ்சள் காமாலை: இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். தாயின் மார்பு சிவந்து காய்ச்சலும் இருந்தால் அவரையும் அனுப்புங்கள். "வாழவே பிடிக்கலை" என்று ஒரு அம்மா சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவ உதவி கிடைக்கச் செய்யுங்கள். மருந்து சாப்பிடும்போது பால் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லக் கூடாது. "நான் பால் கொடுக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

படி 6: பரிசுக்குக் கை நீட்டாதீர்கள்

1981இல் வந்த தாய்ப்பால் மாற்று உணவு விற்பனைக்கான சர்வதேச விதித்தொகுப்பைப் படியுங்கள். பால் பவுடர், பால் புட்டி விற்பவர்களிடமிருந்து ஒரு பேனாகூட வாங்க வேண்டாம். அம்மாக்கள் நம்மை நம்பிச் சொன்னதை வெளியில் சொல்லவும் கூடாது.

படி 7: கூடப் போய்ப் பாருங்கள், பிறகு தனியாக

அனுபவம் உள்ள ஒருவரோடு சில சந்திப்புகளில் சும்மா உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று வரி எழுதுங்கள்: அம்மா என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் நோட்டில் அந்த மூன்றாவது வரிதான் எப்போதும் நீளமாக இருந்தது.

தனியாக நான் பேசிய முதல் அம்மா எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "நான் நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். திட்டாதீங்க." தாய்ப்பாலின் நன்மைகள் எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றன. விழுங்கிக்கொண்டு, "ரொம்ப யோசிச்சிருப்பீங்க. நான் எதில் உதவட்டும்?" என்று கேட்டேன். மார்பு கட்டாமல் நிறுத்துவது எப்படி என்று தெரிய வேண்டியிருந்தது அவருக்கு. குழந்தைக்கு மாற்றாக என்ன கொடுப்பது என்று மருத்துவரிடம் பேசிவிட்டாரா என்று கேட்டுக்கொண்டேன். பிறகு, சில நாட்களுக்கு ஒரு வேளை வீதம் குறைப்பது, மார்பு கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சுவது, குளிர்ந்த துணி வைப்பது என்று வரிசையாகச் சொன்னேன். நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பகலில் இரண்டு வேளை குறைத்துவிட்டாராம். ராத்திரிப் பாலை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன், அது பரவாயில்லையா என்று கேட்டார்.