புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைக்கமுன்

லண்டனுக்கு வந்த புதிதில் வாடகை, போன், கார்க் கடன் என்று எத்தனையோ தாள்கள் கைக்கு வரும். அவற்றைவிட நான் பயப்படுவது சொந்தக்காரர் கொண்டுவரும் தாளுக்குத்தான். "தம்பி, கடைக்கு லோன் எடுக்கிறம், சும்மா ஒரு சைன் வையும்" என்பார் அத்தான். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கும். முன்னுள்ள பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. அது பிணைப் பத்திரமென்றால், கடை நொடித்த அன்று வங்கி உங்களைத் தேடி வரும்.

"எனக்கு இங்கிலீஷ் விளங்காது, வாசிக்காமல் வைத்துவிட்டேன்" என்பது இங்கிலாந்து நீதிமன்றங்களில் அநேகமாக எடுபடாது. 1962இல் 78 வயது விதவை ஒருவர், மூக்குக்கண்ணாடி உடைந்திருந்ததால் வாசிக்காமலே கையெழுத்திட்டார். உறவுக்காரர் ஒருவருக்கு வீட்டை நன்கொடையாக எழுதுவதாக அவர் நினைப்பு. பத்திரமோ வேறொருவருக்கு வீட்டை விற்றிருந்தது. வாங்கியவர் அதை ஈடு வைத்துக் கடனும் எடுத்துவிட்டார். 1970இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, அந்தக் கையெழுத்து செல்லும் என்றே தீர்த்தது. அந்த மூதாட்டிக்கே அப்படியென்றால் நமக்கு?

விலை கூடிப்போனது, கடை ஓடவில்லை என்பதெல்லாம் ஒப்பந்தத்தைச் செல்லாமலாக்கும், சட்டம் சொல்லும் 'தவறு' அல்ல. இருப்பதாக இரு தரப்பும் நம்பிய பொருள் ஒப்பந்தம் செய்தபோதே இல்லையென்றால் அது தவறு. விற்றவர் பொய் சொல்லியிருந்தால் அதற்கு வேறு வழி உண்டு.

தகாத செல்வாக்குத்தான் நம் வீடுகளுக்கு நெருங்கிய விஷயம். அடிக்கவோ மிரட்டவோ தேவையில்லை. நீங்கள் முழுக்க நம்பியிருக்கும் ஒருவர் அந்த நம்பிக்கையை வைத்தே உங்களுக்குப் பாதகமான ஒன்றில் கையெழுத்து வாங்கினால், ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். கணவனின் கடனுக்கு மனைவி பிணை நிற்கும்போது வங்கி என்ன செய்யவேண்டும் என்று 2001இல் எட்ரிட்ஜ் வழக்கில் பிரபுக்கள் சபை வகுத்தது. சொலிசிற்றர் (சட்டத்தரணி) ஒருவர் கணவன் பக்கத்தில் இல்லாமல் மனைவியை நேரில் சந்தித்து, ஆபத்தையும், மறுக்கலாம் என்பதையும் விளங்கும் மொழியில் சொல்லி, அதை வங்கிக்கு உறுதிசெய்ய வேண்டும். மற்ற உறவுகளில் பிணை நிற்பவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆகவே அந்தச் சந்திப்புக்கு அத்தானையே மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். வெளியாள் ஒருவரைக் கேளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டீர்களா? தகாத செல்வாக்கால் வந்த ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போகாது, நீங்கள்தான் கேட்டு ரத்துச் செய்விக்க வேண்டும். தாமதித்தால் அந்த உரிமையும் போகலாம். 1887இல் தீர்ந்த வழக்கில், மடத்தை விட்டு வெளியேறிய கன்னியாஸ்திரி ஆறு ஆண்டளவில் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டதால், மடத்துத் தலைவியின் செல்வாக்கில் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறமுடியவில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். இந்தக் கிழமையே போங்கள்.

இன்னும் வைக்கவில்லையென்றால், பேனையைக் கீழே வைத்துவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: "அத்தான், ஒரு கொப்பி தாங்கோ. லோயரிட்டைக் காட்டிப்போட்டு வாறன்."