பரத்பூர் கேவலாதேவ் காட்டுக்குள்ள சைக்கிள்ல சுத்துறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

பின்னாடி லாரி ஹாரன் அடிக்காம, பஸ் உரசிடுமோன்னு பயப்படாம ஒரு முழு நாள் காட்டுக்குள்ள சைக்கிள் மிதிக்கணும்னு ஆசை இருந்தா ராஜஸ்தான் பரத்பூர்ல இருக்குற கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் போங்க. வெளி வண்டி எதையும் காட்டுக்குள்ள ஓட்ட விடமாட்டாங்க, நடந்து போகலாம், சைக்கிள் ஓட்டலாம், இல்லன்னா சைக்கிள் ரிக்‌ஷா, பேட்டரி வண்டி, அவ்வளவுதான். சுமார் 29 சதுர கிலோமீட்டர், சுத்தமா மேடே இல்லாத தரை, அதனால சைக்கிள் விட்டு பல வருஷம் ஆனவங்க கூட தைரியமா போகலாம். 370 வகைக்குக் கிட்ட பறவை பதிவாகியிருக்குற இடம், 1985லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க, இங்க எத்தனை கிலோமீட்டர் மிதிச்சோம்ங்கிறது கணக்கே இல்ல, எத்தனை இடத்துல நிறுத்தினோம்ங்கிறதுதான் கணக்கு. கீழ சொல்றது எல்லாம் அதுக்காகத்தான்.

முதல்ல, எப்போ போறது

நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வடக்கேருந்து வர்ற வாத்து, வரித்தலை வாத்து எல்லாம் இருக்கும். மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டி குஞ்சு வளர்க்குறத பாக்கணும்னா மழை முடியுற நேரம், செப்டம்பர் அக்டோபர் வாக்குல போங்க, ஒரே மரத்துல வரிசையா கூடு, குஞ்சுங்க போடுற சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும். ஆனா ஒரு விஷயம், இது முழுக்க இயற்கையா வந்த ஏரி இல்ல, பரத்பூர் மகாராஜாக்கள் வாத்து வேட்டைக்காக கரை போட்டு தண்ணி தேக்கின இடம், மழை ஏமாத்தின வருஷம் பாதி குளம் காஞ்சு கிடக்கும். அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி நீங்க தங்கப்போற லாட்ஜ்ல போன் போட்டு இந்த வருஷம் தண்ணி எப்படின்னு கேட்டுடுங்க.

சென்னைலேர்ந்து போறவங்க டெல்லி போற ரயில்ல ஆக்ராவுல இறங்கிடலாம், அங்கேருந்து பரத்பூர் ஒரு 55 கிலோமீட்டர், பஸ் இருக்கு.

சைக்கிள் எடுக்குறது

வாடகை சைக்கிள் கேட் கிட்டயே கிடைக்கும், அடையாள அட்டை கேப்பாங்க. சூரியன் உதிக்குறப்போ கேட் திறக்கும், அந்த நேரத்துக்கே போய் நின்னுடுங்க, லேட்டா போனா நல்ல சைக்கிள் எல்லாம் போயிருக்கும். குடுத்தத வாங்கிட்டு கிளம்பாதீங்க. ரெண்டு டயரையும் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, உள்ள அமுங்குச்சுன்னா காத்து அடிக்கச் சொல்லுங்க. பின் சக்கரத்த தூக்கி சுத்தி விட்டு பிரேக் பிடிங்க, கட்டை ரிம்முல ஒழுங்கா பிடிக்குதான்னு மட்டும் இல்ல, கீச்சுன்னு கத்துதான்னும் கவனிங்க, கத்துற சைக்கிள் வேணவே வேணாம், நீங்க போய்ச் சேருறதுக்கு முன்னாடி பறவை கிளம்பிடும். செயின் வறண்டு கடகடன்னு சத்தம் போட்டா ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க. சீட்டு உசரம் உக்காந்துக்கிட்டே பாதத்தோட முன்பக்கம் தரையில ஊன்றுற அளவுக்கு இருக்கட்டும், தூரம் மிதிக்குறதுக்கு இது கொஞ்சம் தாழ்வுதான், ஆனா இங்க நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் ஊன்றப் போறீங்க. கேரியர் இருக்குற சைக்கிளா பாருங்க, பை தோள்ல தொங்கினா பைனாகுலர் தூக்குறப்போ எல்லாம் இடிச்சுக்கிட்டே இருக்கும்.

கையில தண்ணி, கொஞ்சம் தீனி, பைனாகுலர். டிசம்பர் ஜனவரின்னா பனிமூட்டம் அப்பிக்கும், நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்த குளிர்ல ஹேண்டில்பார் பிடிக்கவே விரல் வராது, கையுறை கட்டாயம்.

எந்த வழியில போறது

கேட்லேர்ந்து நேரா ஒரே தார் ரோடு, கேவலாதேவ் சிவன் கோயில் வரைக்கும் சுமார் 5 கிலோமீட்டர். முதல் பகுதி முள்ளுக்காடு, இங்க ரொம்ப நேரம் செலவு பண்ணாதீங்க, சதுப்பு நிலம் ஆரம்பிச்ச பிறகுதான் விஷயம் இருக்கு. ரெண்டு பக்கமும் கரைகள் பிரிஞ்சு போகும், ஏரிக்கரை மேல சைக்கிள் விட்டு வளர்ந்தவங்களுக்கு இது சொந்த ஊர் மாதிரியே இருக்கும். கோயில் பக்கத்துல ஒரு கல்வெட்டு இருக்கு, அத நின்னு படிங்க. அந்தக் காலத்து வேட்டைக் கணக்கு, 1938 நவம்பர்ல வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாள்ல சுட்டது 4,273 பறவை. அதே தண்ணிக்கு இன்னைக்கு துப்பாக்கி இல்லாம சைக்கிள்ல வந்து நிக்க முடியுதேன்னு எனக்கு அங்க மனசு நெறஞ்சு போகும். சைபீரியக் கொக்கும் இங்க வந்துட்டு இருந்துச்சு, 2002க்கு அப்புறம் அது வர்றதே இல்ல.

மண் பாதையில இறங்குறப்போ சீமைக்கருவேல முள்ளப் பாத்து ஓட்டுங்க, நம்ம ஊர்ல படுத்துற அதே மரம்தான் இங்கயும் பரவிக் கிடக்கு. பாதை நடுவுல போங்க, சுள்ளி விழுந்து கிடந்தா இறங்கி தள்ளிட்டுப் போங்க, பஞ்சர் ஆனா உள்ள ஒட்டுறதுக்கு ஆள் கிடையாது.

நிறுத்துறதுதான் வித்தை

மெதுவா போற சைக்கிள் பறவைக்குப் பழக்கம், அது உங்கள கண்டுக்காது. சடன் பிரேக் போட்டு குதிச்சு இறங்கின உடனேதான் அதுக்கு நீங்க மனுஷன்னு தெரியும், பறந்துடும். அதனால தூரத்துல பறவையப் பாத்ததுமே மிதிக்குறத குறைங்க. மிதிக்குறத நிறுத்திட்டு சும்மா உருள விட்டா பின்சக்கரம் டிக் டிக்னு கத்தும் பாருங்க, அத தவிர்க்க லேசா மிதிச்சுக்கிட்டே வேகத்தக் குறைச்சு, கொஞ்சம் தள்ளியே ஒரு காலை ஊன்றி நில்லுங்க. சீட்டுலேர்ந்து இறங்காதீங்க, ஸ்டாண்ட் போடுற சத்தமே வேணாம். அப்படியே ரெண்டு நிமிஷம் ஆடாம நின்னா பாம்புத்தாரா றெக்கைய விரிச்சு காய வைக்குறதும், நீலத்தாழைக் கோழி தண்டை ஒரு காலால பிடிச்சுக் கடிக்குறதும் வெறும் கண்ணுக்கே தெரியும்.

குளிர்காலத்துல மலைப்பாம்பு வளையிலேர்ந்து வெயில் காய வெளிய வரும், பெரும்பாலும் முள்ளம்பன்றி தோண்டின வளைதான். அது கிடந்தா கிட்ட போய் போட்டோ எடுக்காதீங்க, பயந்து உள்ள போயிட்டா வெயில் கிடைக்காம அதுக்குத்தான் கஷ்டம். நீல்காய்னு மான் மாதிரி ஒரு பெரிய விலங்கு, அது பாதையில குறுக்க நின்னா பெல் அடிக்காம காத்திருங்க, தானா போயிடும்.

பறவை பேரு தெரியலன்னா ரிக்‌ஷா ஓட்டுற அண்ணன்மார்ல ஒருத்தர கொஞ்ச நேரம் கூட்டிட்டுப் போங்க. பயிற்சி எடுத்தவங்க, எந்த மரத்துல ஆந்தை தூங்குதுன்னு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருப்பாங்க. முதல் நாள் அவங்க ரிக்‌ஷாவுல, மறுநாள் நீங்களா சைக்கிள்ல, என்னக் கேட்டா இதுதான் சரியான வரிசை.

சாயங்காலம் சூரியன் இறங்குறதுக்குள்ள கேட்டுக்கு வந்துடணும், அதனால கோயில் பக்கத்துலேர்ந்து ஒரு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே திரும்புங்க. வேகமா மிதிச்சா அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனா அந்த நேரத்துலதான் கொக்கும் நாரையும் கூட்டம் கூட்டமா அடைய வரும், வழியெல்லாம் நிக்க வேண்டி வரும்.