சத்தமில்லாத பிள்ளையையும் கவனியுங்கள்

வகுப்பில் சேட்டை செய்கிற பிள்ளை எப்படியும் நம் கண்ணில் பட்டுவிடும். சத்தமே இல்லாமல் வந்து, எழுதச் சொன்னதை எழுதி, மணி அடித்ததும் கிளம்பிப் போகிற பிள்ளையைத்தான் தவறவிடுகிறோம். நானும் தவறவிட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி, ஒரே வரியை எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், கடைசியில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துவிடும். கையெழுத்து அழகாக வரவேண்டும் என்று பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். தப்பாகிவிடுமோ என்ற பயம் அது என்று புரிய எனக்குப் பாதி வருடம் ஆனது.

அதனால் முதல் வேலை, அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பதிவேட்டை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், போன மாதம் அது எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். கலகலவென்று பேசியவன் திடீரென்று அடங்கிப்போவது, இடைவேளையில் தனியாக உட்காருவது, தேர்வு வந்தாலே வயிற்றுவலி என்று சொல்வது, இதெல்லாம் கவனிக்க வேண்டியவை. வயிற்றுவலியை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள், கவலை பிள்ளைகளுக்குப் பல நேரம் உடம்பில் தெரியும், வலி நிஜமாகவே இருக்கும்.

பேசுவது எப்படி? எல்லோர் முன்னாலும் கேட்கவே கூடாது. "ஏன் இப்படி இருக்கே?" என்றால் விசாரணை மாதிரி ஆகிவிடும். "ரெண்டு நாளா நீ சரியாவே பேசலையே, என்னமோன்னு தோணுச்சு" என்று பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கும் இரண்டு நிமிடம் பேசுங்கள், பாடத்தைப் பற்றி இல்லாமல் அதற்குப் பிடித்த எதையாவது பற்றி. தொடர்ந்து பத்து நாள் இப்படிச் செய்து பார்க்கச் சொல்லும் ஒரு முறை ஆசிரியர்களிடையே இருக்கிறது, முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் இது உதவும்.

அப்புறம் கேள்வி கேட்கிற விதம். 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக 1 வினாடிதான். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பேசாமல் இருந்தவர்களும் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு இது சுலபமாக வரவில்லை, அந்த மூன்று வினாடி அமைதி தாங்கவே முடியாத மாதிரி இருக்கும், மனதுக்குள் எண்ணித்தான் பழகினேன். கேள்வி கேட்டதும் முதலில் நோட்டில் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு கையைத் தூக்கட்டும். பயந்த பிள்ளைக்கு ஒரு ஒத்திகை கிடைத்துவிடுகிறது.

மார்க்கை வரிசைப்படுத்திச் சத்தமாக வாசிக்காதீர்கள். தவறான பதில் வந்தால், "இந்த இடம் வரைக்கும் சரி, இதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அந்த மாணவியிடம் நான் ரப்பரை வாங்கி வைத்துவிட்டு, தப்பானதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன், கரும்பலகையில் நானும் அப்படியே செய்தேன். மூன்றாவது வாரம் அவள் நோட்டில் ஏழு அடித்தல்கள், ஒரு கிழிசல்கூட இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தயங்கக் கூடாது. "யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று பிள்ளை கேட்டால் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உன்னோட பாதுகாப்புக்குத் தேவைன்னா உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்வேன், உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சாவதைப் பற்றி ஏதாவது பேசினாலோ எழுதினாலோ, அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. பிள்ளையைத் தனியாக விடாமல், அன்றைக்கே தலைமையாசிரியருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் தெரிவியுங்கள். வீட்டாருக்கும் சொல்ல வேண்டும், ஆனால் பிரச்சினையே வீட்டில்தான் என்று தோன்றினால் ஆலோசகரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிடம் ஒதுக்கி வகுப்புப் பட்டியலை எடுங்கள். இந்த வாரம் பாடத்தைத் தவிர ஒரு வார்த்தைகூட யாரிடம் பேசவில்லையோ, அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். திங்கட்கிழமை காலை அந்தப் பெயர்களில் இருந்து ஆரம்பிக்கலாம்.