கோழித் தூவலில் இருந்து வாழைக்கு உரம்: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

நம்ம குமரி மாவட்டத்தில் கோழிக்கடை இல்லாத சந்திப்பு கிடையாது, தூவலை (இறகை) என்ன செய்வது என்று தெரிந்த கடைக்காரரும் ரொம்பக் கிடையாது. தூவலில் பத்தில் ஒன்பது பங்கு கெரட்டின் என்ற புரதம். கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் சட்டென்று மட்காது, ஆனால் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் நைட்ரஜன். இதைத் தின்னக்கூடிய பாக்டீரியா இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கோழிக் கழிவை நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கும் கலனில் இருந்தே பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற வகையைப் பிரித்தெடுத்தார்கள்.

உரக்கடையில் கிடைக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் (அதே இனத்து இன்னொரு பாக்டீரியா) பொடியையும் போடலாம். ஆனால் அது நோய்த் தடுப்புக்காகத் தேர்ந்தெடுத்த ரகம், தூவலை நன்றாகத் தின்னுமா என்பதற்கு உத்தரவாதமில்லை. என்னைக் கேட்டால், பழைய தூவல் மக்கிக் கிடக்கும் இடத்து மண்தான் நல்லது.

முதலில் பாக்டீரியா. அந்த மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். (சமையல் பாத்திரம் வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.) பேசில்லஸின் வித்துகள் இந்தச் சூட்டைத் தாங்கும், மற்ற பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும்.

அடுத்து தூவல். ரத்தமும் கொழுப்பும் போக அலசி, அரை மணி நேரம் கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, கத்தரியால் நறுக்குங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் போதும். 100 கிராம்தானே என்று நினைக்காதீர்கள், வாளியே நிறைந்துவிடும்.

இரண்டையும் ஒரே வாளியில் சேர்த்து, மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரை ஓடவிடுங்கள். காற்றை நிறுத்தினால் அழுகல் கூட்டம் தலையெடுக்கும், அப்புறம் அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சர்க்கரை, வெல்லம் எதுவும் போடாதீர்கள்: தூவலைத் தவிர வேறு சாப்பாடு இல்லாதபோதுதான் அதைத் தின்னத் தெரிந்தவை பெருகும். வாளி வெதுவெதுப்பாக இருந்தால் வேலை வேகமாக நடக்கும், ஆடி மழையில் இழுக்கும்.

தினமும் ஒரு குச்சியால் கிளறி எடுத்துப் பாருங்கள். முதலில் பக்கவாட்டு இழைகள் கரைந்து, நடுத்தண்டு மட்டும் மீன்முள் மாதிரி நிற்கும். தண்ணீர் கலங்கி மஞ்சளாகும், அமோனியா வாடை மூக்கில் ஏறும். தண்டும் விரலில் நசுங்கினால் தயார். அதில் ஒரு கோப்பையை அடுத்த வாளிக்கு விதையாக எடுத்து வையுங்கள், இரண்டாவது வாளி இன்னும் சீக்கிரம் கரையும்.

இனி வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வாழை மூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஊற்றுங்கள். பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், இது நாமே வளர்த்த கிருமிக் கூட்டம்.

கரையாத மிச்சத்தையும், வாளிக்கு அதிகமாக இருக்கும் தூவலையும் தென்னை நார்க்கழிவு, சருகோடு அடுக்கிக் கம்போஸ்ட் போடலாம். நார்க்கழிவில் கார்பன் அதிகம், தூவலில் நைட்ரஜன் அதிகம், சரியான ஜோடி. குவியலின் நடுவில் 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது சூடு நிற்க வேண்டும், அப்போதுதான் நோய்க்கிருமி சாகும்.

ஒன்று மட்டும்: இந்தத் தூவல் உரத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகக் குறைவு. ஏத்தன் வாழையோ மட்டி வாழையோ, குலை பெருக்க வேண்டுமென்றால் பொட்டாஷோ அடுப்புச் சாம்பலோ தனியாகப் போட்டே ஆகவேண்டும். சாம்பலை மட்டும் இந்தத் திரவத்தோடு கலந்துவிடாதீர்கள், சேர்த்த நைட்ரஜன் அமோனியாவாகப் பறந்துவிடும்.