தொட்டிலிலிருந்து பாய்க்கு: எப்போது, எப்படி?

என் மகன் சேலைத் தொட்டிலிலிருந்து விழுந்த அன்று அவனுக்கு ஒரு வயசு ஏழு மாசம். நான் வாசலில் தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தொப்பென்று சத்தம். அதுக்கப்புறம் ஒரு நொடி சத்தமே இல்லை, பிறகுதான் வீறிட்டான். கீழே பழைய மெத்தை கிடந்ததால் நெற்றி வீங்கியதோடு போனது. (விழுந்த பிள்ளை வாந்தி எடுத்தாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

அன்று ராத்திரியே தொட்டிலை அவிழ்த்தேன். அது ரெண்டு மாசம் தாமதம். நீங்கள் தாமதிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: உங்களுடையது எந்தத் தொட்டில்?

இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். நெட்டில் "மூணு வயசு வரை பொறுங்கள்" என்று படித்துவிட்டு அதைச் சேலைத் தொட்டிலுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு நாலு பக்கமும் கம்பி வைத்த மரத்தொட்டிலுக்கு, அதாவது கிரிப்புக்குச் சொன்னது.

கிரிப் என்றால் அவசரமே இல்லை. மெத்தைத் தட்டைக் கடைசித் துளைக்கு இறக்கி வையுங்கள். பிள்ளையை உள்ளே நிற்க வைத்துப் பாருங்கள். மேல் சட்டம் அவன் மார்புக்காம்பு மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ வந்துவிட்டால் நேரம் வந்துவிட்டது. உயரக் கணக்கில் 35 அங்குலம், அதாவது சுமார் 89 செ.மீ. அங்கன்வாடியில் உயரம் அளக்கும்போது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் வராவிட்டாலும், ஒரு காலைச் சட்டத்துக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். ரெண்டும் இல்லையென்றால் மூணு வயசை ஒட்டி மாற்றுங்கள். அதற்கு முன் "படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்பது பிள்ளைக்குப் புரியாது.

சேலைத் தொட்டிலுக்கு இவ்வளவு ஆயுள் கிடையாது. பிள்ளை தானாக எழுந்து உட்கார்ந்து, விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் முடிந்தது. துணி முறுக்கிக் கழுத்தில் சுற்றும் ஆபத்து அங்கிருந்துதான் கூடுகிறது. நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காத்துக்கு எந்த இரும்பும் நிற்காது. எங்கள் வீட்டுக் கொக்கியை நான் அன்றுதான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். மேலே பெயின்ட் நன்றாக இருந்தது. உள்வளைவில், கயிறு உரசும் இடத்தில், விரலால் சுரண்டினால் செதில் செதிலாகக் கொட்டியது.

படி 2: அறையையே தொட்டிலாக்குங்கள்

பிள்ளை இனி ராத்திரி எழுந்து நடக்கும். அதனால் தரையில் முட்டி போட்டு, அதன் கண் மட்டத்தில் அறையைச் சுற்றிப் பாருங்கள். எனக்குச் சிக்கியவை: சார்ஜர் வயர், தைலப் பாட்டில், கொசுவிரட்டி மெஷின், என் வீட்டுக்காரர் ஜன்னலில் செருகி வைத்திருந்த தூண்டில் முள்ளும் நரம்பும். குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். வாளியில் கால்வாசித் தண்ணி இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்துதான். வாசல் கதவுக்கு உங்கள் கை எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். கதவைத் திறந்தால் கடற்கரை என்று இருக்கிற வீடுகளில் இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

படுக்கைக்குக் கோரைப்பாய், அதன் மேல் மெல்லிய மெத்தை போதும். ஓலைப்பாய் என்றால் ஓரம் குத்தும், விரிப்பை மடித்து உள்ளே செருகுங்கள். தினமும் உதறுங்கள், பூரான் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் சிமென்ட் தரை ஈரம் ஏறி வாடையில் ஜில்லிடும், அடியில் இன்னொரு பாய் வேண்டும். கொசுவலை கட்டாயம்.

படி 3: நாள் பாருங்கள்

பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. காய்ச்சல், பால்குடி மறக்க வைப்பது, ஒண்ணுக்குப் போகப் பழக்குவது, இதோடு எதையும் சேர்க்காதீர்கள். அடுத்த குழந்தை வருகிறதென்றால் பிரசவத்துக்கு ரெண்டு மாசம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் தம்பி வந்து தன் தொட்டிலைப் பிடுங்கிக்கொண்டதாகத்தான் பிள்ளை நினைக்கும்.

விசைப்படகுக்குப் போகிற வீடென்றால் என் யோசனை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராத்திரி எழுந்திருக்க அப்பாவும் வீட்டில் இருப்பார். புழுக்கம்தான், கரண்ட் போனால் விசிறியோடு உட்கார வேண்டும். ஆனாலும் ரெண்டு ஆள் இருக்கிறோமே! தடை முடிகிற வாரத்தில் மட்டும் தொடங்காதீர்கள். அப்பா கடலுக்குத் திரும்புவதே அவனுக்குப் பெரிய மாற்றம்.

படி 4: முதலில் பகல் தூக்கம்

ஆட்டினால்தான் தூங்குவேன் என்கிற பிள்ளையை ஒரே நாளில் பாயில் போட்டால் தெருவே எழுந்துவிடும். இனிமேல் தொட்டில் ஆபத்து என்பதால் ஆட்டத்தை மடிக்கு மாற்றினேன். முதல் மூணு நாள் மடியில் தூங்கும் வரை ஆட்டம். அடுத்த மூணு நாள் கண் சொருகியதும் ஆட்டத்தை நிறுத்தி, பாயில் படுக்க வைத்துத் தட்டிக்கொடுத்தேன். பிறகு தட்டல் மட்டும். தாலாட்டை நிறுத்த வேண்டாம், அது எந்த இடத்துக்கும் கூட வரும்.

எனக்குக் கைகொடுத்தது தொட்டில் சேலைதான். அவிழ்த்த சேலையைத் துவைக்காமல் நாலாக மடித்து பாயில் விரித்தேன். முகத்தை அதில் தேய்த்துக்கொண்டே படுத்தான்.

படி 5: ராத்திரி

எழுந்து வருவான். விளக்குப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள். "தூங்கு தங்கம், விடியட்டும்" என்று ஒரே வாசகம், எத்தனை தடவை வந்தாலும் அதே. முதல் ராத்திரி பதினோரு தடவை எண்ணினேன்.

பிள்ளையைவிடப் பெரியவர்கள்தான் சிரமம். மூணாம் நாள் நான் சந்தைக்குப் போய்த் திரும்பினால் அப்பத்தா மறுபடி தொட்டில் கட்டியிருந்தார். "ஏத்தா, புள்ள ஏங்கிப் போயிரும்." கோபப்படாமல் கொக்கியின் துருவைக் காட்டினேன். அப்புறம் தட்டிக்கொடுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஒன்று, ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் பகலும் ராத்திரியும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். கொஞ்ச நாள் குறையும், பிறகு சரியாகும்.

கட்டில்தான் வேண்டும் என்றால்

உயரம் குறைந்ததாகப் பாருங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே பிள்ளை சிக்குகிற இடைவெளி இருக்கக் கூடாது. பக்கத் தடுப்பு ரெண்டு வயசுக்கு மேல்தான். அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் ஆறு வயசு வரை ஏற்றாதீர்கள். கயிற்றுக் கட்டிலில் கயிறு தளர்ந்திருந்தால் கால் மாட்டும்.

பிள்ளை பாய்க்குப் பழகியதும் தொட்டில் கயிறையும் இறக்கிவிடுங்கள். அண்ணன், அக்காமார் அதில் ஒரு துணியைக் கட்டி ஊஞ்சல் ஆடுவார்கள், கழுத்து மாட்டுவது பெரும்பாலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் கொக்கியையே அறுத்து எடுத்துவிட்டோம்.